ஆறு மாதத்தில் செல்லாக்காசு

உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அகலம் சிலவற்றில் 4 சென்டிமீட்டர் வரை போகும். எடை ஒரு கிராமுக்கும் கீழே. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர், எடை 7.7 கிராம். அதைவிட விரிந்த இந்த வெள்ளி வட்டம் எடையில் அதன் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. முன்பக்கம் கோட்டை மதில், இரண்டு கோபுரம், நடுவில் செங்கோலோடு அமர்ந்திருக்கும் ஓர் ஆயர், அதாவது கிறிஸ்தவ பிஷப். திருப்பினால் அதே ஆயர், உள்ளே குழிந்து, இடம் வலம் மாறி. பின்பக்கம் என்று தனியாக ஒன்று இல்லை. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்பது மிகைதான். ஆனாலும் இதை மேசையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் போடாமல் இருப்பது நல்லது.

ஜெர்மனியின் இடைக்காலக் காசுகளைச் சேகரிப்பவர்கள் இதை பிராக்டியேட் என்கிறார்கள். மெல்லிய உலோகத் தகட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிற்கால அறிஞர்கள் சூட்டிய பெயர் இது. இதைக் கொண்டு ரொட்டியும் உப்பும் வாங்கியவர்களுக்கு இது வெறும் ஃபெனிக், அதாவது காசு. சுமார் 1130 முதல் 1300 வரை, இன்றைய ஜெர்மனியின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும், தெற்கே கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலும் கடைத்தெருப் பணம் இதுதான்.

இவ்வளவு மெலிந்த தகட்டில் இவ்வளவு வேலைப்பாடு எதற்கு? ஒரே ஊரிலிருந்து எப்படி இத்தனை விதமான படங்கள்? அச்சடித்தவற்றில் இன்று ஏன் இவ்வளவு சொற்பமே மிஞ்சியிருக்கிறது? மூன்றுக்கும் விடை ஒன்றுதான். இவை செல்லாமல் போவதற்காகவே அடிக்கப்பட்ட காசுகள்.

கதை பிராங்கு மக்களின் அரசர் சார்லமேனிடமிருந்து தொடங்குகிறது. 790-களில் அவர் செய்த நாணயச் சீர்திருத்தத்தின்படி ஒரு பவுண்டு வெள்ளியிலிருந்து 240 காசுகள் அடிக்க வேண்டும்; 12 காசு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 வரை பிரிட்டனில் நீடித்த பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கின் வேர் அங்கே இருக்கிறது. இதில் பவுண்டும் ஷில்லிங்கும் கணக்குக்கு மட்டும். கையில் புழங்கியது 1.7 கிராம் அளவுள்ள அந்த ஒற்றை வெள்ளிக் காசுதான். அடுத்த பல நூற்றாண்டுகளுக்கு அதற்கு மேல் பெரிய நாணயமே கிடையாது. ஒரு குதிரை வாங்க வேண்டுமென்றால் காசை எண்ண வேண்டும், அல்லது நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில் ஹார்ஸ் மலைப்பகுதியில், கோஸ்லார் நகருக்கு அருகே ராம்மெல்ஸ்பெர்க் குன்றில் வெள்ளி வெட்டினார்கள். 1988 வரை ஓடிய சுரங்கம் அது. அந்த வட்டாரத்தின் வெள்ளியில் அடித்த புகழ்பெற்ற காசு, ஜெர்மன் அரசர் மூன்றாம் ஓட்டோ பெயரையும் அவருடைய பாட்டி ஆடெல்ஹைட் பெயரையும் தாங்கியது. ஒரு பக்கம் சிலுவை, அதன் நான்கு மூலையில் ஓட்டோ பெயரின் நான்கு எழுத்து. மறுபக்கம் மரத்தில் கட்டியது போன்ற சிறு தேவாலயம். வேடிக்கை என்னவென்றால் பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளின் ஜெர்மன் காசுகள் ஜெர்மனியில் கிடைத்ததைவிட வெளியில் கிடைத்ததே அதிகம். ஸ்வீடனின் காட்லாந்துத் தீவிலும் போலந்திலும் ரஷ்யாவிலும் மண்ணுக்கடியிலிருந்து அவை குவியல் குவியலாக வந்தன. மென்தோலுக்கும் மெழுகுக்கும் அடிமைகளுக்கும் விலையாகப் போன வெள்ளி அது. அங்கே காசின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, தராசில் போட்டார்கள். சந்தேகம் வந்தால் கத்தி முனையால் ஒரு கொத்து கொத்தி மாற்றுப் பார்த்தார்கள். அந்தக் கொத்துத் தழும்புகள் இன்றும் அந்தக் காசுகளில் இருக்கின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலைமை திரும்பியது. உள்நாட்டில் ஊர்கள் முளைத்தன, வாரச் சந்தைகள் கூடின, காசின் தேவை பெருகியது. அதே சமயம் நாணயம் அடிக்கும் உரிமை பேரரசர் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. ஆயர்களுக்கு, மடங்களுக்கு, கோமகன்களுக்கு என்று தானமாகவும் சலுகையாகவும் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் நூற்றுக்கணக்கான அக்கசாலைகள், அதாவது காசு அடிக்கும் கூடங்கள், தனித்தனி அதிகாரத்தில் இயங்கின. 1220-இல் ஆயர்களுக்கும், 1230-களின் தொடக்கத்தில் உலகியல் இளவரசர்களுக்கும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் எழுதிக் கொடுத்த பட்டயங்கள், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைச் சட்டமாக்கின. ஓர் ஆண்டவரின், அதாவது அந்தப் பகுதியை ஆள்பவரின், எல்லைக்குள் அவர் காசு மட்டுமே செல்லும். பக்கத்து ஊருக்குப் போனால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது வட்டம் பிடிப்பார்கள். நம் பழைய வணிகர்களின் சொல் இது: ஒரு காசைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்போது கழிக்கும் தொகை. ஜெர்மன் ஆண்டவர்கள் இந்த வட்டத்தை ஊர் விட்டு ஊர் போகிறவனிடம் மட்டும் பிடித்தால் போதாது என்று நினைத்தார்கள். ஊருக்குள் சும்மா இருப்பவனிடமும் பிடிக்க ஒரு வழி கண்டார்கள். குறிப்பிட்ட நாளில், பெரும்பாலும் பெரிய சந்தை கூடும் சமயத்தில், புழக்கத்திலிருக்கும் காசு செல்லாது என்று அறிவித்துவிடுவது. பழையதைக் கொண்டுவந்து அக்கசாலையில் கொடுக்க வேண்டும். 12 பழையதற்கு 9 புதியது கிடைக்கும். மீதி 3 ஆண்டவருக்கு. வழக்கமான விகிதம் இது. இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடும், குறையும். பழைய காசோடு சந்தைக்குள் வந்து பிடிபட்டால் தண்டம்.

முதலில் இது எப்போதாவது நடந்தது. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. மாக்டெபர்கின் பேராயர் விக்மன், 1152 முதல் 1192 வரை பதவியிலிருந்தவர், ஆண்டுக்கு இரண்டு முறை ஆக்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 144 காசைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய ஒருவர், முதல் மாற்றத்தில் 108-க்கு இறங்குவார், இரண்டாவதில் 81-க்கு. திருடன் வராமலேயே ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பணம் போயிற்று. விக்மனை ஒரு கொள்ளைக்காரராக நினைத்துவிட வேண்டாம். மாக்டெபர்க் நகரச் சட்டத்துக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர், ஊர்களை வளர்த்தவர் என்று வரலாறு அவரை மதிக்கிறது. வேறு வரிகளை வீடு வீடாகப் போய் வசூலிக்க ஆளும் இல்லை, ஏடும் இல்லை. காசைச் செல்லாததாக்கினால் வரி தானே நடந்து வந்து வாசலில் நிற்கும்.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் சேமிப்பைக் காசாக வைத்துக்கொள்ளாமல் வெள்ளிக் கட்டியாக வைத்துக்கொண்டார்கள். பெரிய வணிகம் மார்க் என்னும் எடைக் கணக்கில் நடந்தது. ஆக, அடி விழுந்தது அன்றாடம் சில்லறையில் விற்று வாங்குபவர்கள்மேல். ஐக்கே என்னும் சாக்சன் சட்ட அறிஞர் 1220-களையொட்டித் தொகுத்த சாக்சன் சட்டநூல், புதிய ஆண்டவர் பதவிக்கு வரும்போதுதான் காசைப் புதுப்பிக்கலாம் என்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய வரி இது. சட்டம் சொல்வதுபோலத் தோன்றினாலும் எனக்கு இது முணுமுணுப்பாகவே கேட்கிறது.

ஆறு மாதம் ஆயுள் என்று தெரிந்தே ஒரு காசை எப்படிச் செய்வீர்கள்? உழைக்கும்படி செய்யத் தேவையில்லை. சீக்கிரம் செய்ய வேண்டும், செலவு குறைய வேண்டும். காசின் எடை காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்தது. அகலத்தைக் குறைக்காமல் தகட்டை மட்டும் மெலிய அடித்தார்கள். இரண்டு பக்கமும் அச்சுக் குத்தியபோது ஒரு பக்கத்துப் படம் மறுபக்கத்தைக் குழப்பியது. அந்தக் குழப்பத்தோடு வந்த இடைப்பட்ட காசுகளும் உண்டு. சேகரிப்பவர்கள் அவற்றை மெல்லிய ஃபெனிக் என்பார்கள். அடுத்த படி எளிது. ஓர் அச்சு போதும். வெள்ளித் தகட்டைத் தோல் அல்லது ஈயம் போன்ற மெத்தென்ற அடிமானத்தின்மேல் வைத்து மேலிருந்து ஓர் அடி. ஒரே அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில தகடுகளையும் அடித்திருக்கலாம் என்று காசுகளின் கூர்மை வேறுபாட்டை வைத்துச் சொல்கிறார்கள். இரண்டு அச்சுக்குப் பதில் ஒன்றை மட்டும் வெட்டினால் போதும் என்பது ஆண்டுக்கு இரண்டு முறை அச்சை மாற்றுகிற அக்கசாலைக்குப் பெரிய மிச்சம்.

படம் மாற வேண்டியது இதில் கட்டாயம். போன தவணைக் காசுக்கும் இந்தத் தவணைக் காசுக்கும் உள்ள வித்தியாசம், எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரிக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். ஆயர் கையில் போன முறை புத்தகம் என்றால் இந்த முறை பனையோலை. கோபுரம் இரண்டு என்றால் அடுத்து மூன்று. அச்சு வெட்டும் பொற்கொல்லருக்கு இது இடைவிடாத வேலை; கையில் 3, 4 சென்டிமீட்டர் வெற்றுப் பரப்பு வேறு. ஐரோப்பாவின் ரோமனெஸ்க் பாணிச் சிற்பக்கலை உச்சத்திலிருந்த காலம். வரி வாங்கும் தந்திரம் ஒன்று, தன்னை அறியாமலேயே ஒரு கலையை வளர்த்துவிட்டது. லூடெகர் என்ற அச்சு வெட்டி, ‘லூடெகர் என்னைச் செய்தான்’ என்று லத்தீனில் தன் பெயரையே காசில் பொறித்திருக்கிறார். காசில் ஆள்பவர் பெயர் இருக்கும், ஊர் பெயர் இருக்கும். செய்த தொழிலாளியின் பெயர் இருப்பது அபூர்வம்.

சிலவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஹால்பர்ஷ்டாட் ஆலயம் புனித ஸ்தேவானுக்கு உரியது. ஆயர் உல்ரிக் காலத்துக் காசு ஒன்றில் ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும் காட்சி முழுதாக இருக்கிறது: கல்லை ஓங்கிய கைகள், நடுவில் தளரும் உடல், மேலிருந்து இறங்கும் இறைவனின் கை. ஒரு கோழி வாங்கக் கொடுக்கிற காசில் ஒரு வேதசாட்சி மரணம்! குவேட்லின்புர்கில் காசு அடித்தது ஒரு பெண் மடத்தலைவி. 994-இல் மூன்றாம் ஓட்டோ அந்த மடத்துக்குச் சந்தை, சுங்கம், நாணயம் மூன்றின் உரிமையையும் தந்திருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தலைவி இரண்டாம் பியாட்ரிக்ஸ் தம் காசில் அரியணையில் அமர்ந்திருக்கிறார். பேரரசர் பார்பரோசாவும் அவர் மனைவி பியாட்ரிஸும் அருகருகே அமர்ந்த காசுகளும் உண்டு.

பிரவுன்ஷ்வைக்கில் சிங்க ஹென்றி என்று பேர்பெற்ற சாக்சனிக் கோமகன் 1160-களில் தன் கோட்டை முற்றத்தில் ஒரு வெண்கலச் சிங்கத்தை நிறுத்தினார். அவர் காசுகளிலும் சிங்கம்தான். நடக்கும் சிங்கம், மதில்மேல் நிற்கும் சிங்கம், கோபுரங்களுக்கு நடுவில் சிங்கம். 1180-இல் பார்பரோசா அவருடைய கோமகன் பட்டங்களைப் பறித்தார். பட்டம் போனாலும் பிரவுன்ஷ்வைக் காசுகளில் சிங்கம் தொடர்ந்தது.

எனக்குப் பிடித்தது கோபெனிக்கின் யாக்ஸா. கோபெனிக் இன்று பெர்லினுக்குள் ஒரு பகுதி. அன்று அது ஸ்லாவ் மக்களின் கோட்டை. யாக்ஸா என்ற ஸ்லாவ் இளவரசன், பக்கத்திலிருந்த ஜெர்மன் ஆண்டவர்களைப் போலவே பிராக்டியேட் அடித்துத் தன் பெயரையும் ஊரையும் அதில் எழுதினான். 1157-இல் கரடி என்று பேர்பெற்ற ஜெர்மன் பிரபு ஆல்பிரெக்ட் மீட்ட பிராண்டன்புர்க் கோட்டையை அதற்குமுன் பிடித்து வைத்திருந்தவனும் இவன்தான் என்பது பலருடைய கருத்து. கோட்டையையும் அரசையும் இழந்த அந்த இளவரசனின் முகம், தாடியோடும் வாளோடும், ஒரு கிராமுக்குக் குறைந்த வெள்ளியில் இன்னும் இருக்கிறது. பெர்லின் நகர வரலாற்றில் ஸ்லாவ் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் இந்தக் காசைத் தவிர்க்க முடியாது.

இவ்வளவு காசுக்கும் வெள்ளி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை ஃபிரைபெர்க். ஹால்லேயிலிருந்து பொஹீமியாவுக்கு உப்பு ஏற்றிப் போன வண்டிக்காரர்கள், சக்கரத் தடத்தில் மினுங்கிய கல்லொன்றை எடுத்துக் கோஸ்லாரில் காட்டினார்களாம். அது அங்கே வெட்டுவதைவிடச் செழித்த வெள்ளிக் கல்லாம். கதை எப்படியோ, 1168-இல் மைசன் எல்லைக் கோமகன் ஓட்டோவின் நிலத்தில் வெள்ளி கண்டது வரலாறு. செல்வந்தன் என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் காசுகளுக்கு எதிர்பாராத திசையிலிருந்து ரசிகர்கள் வந்தார்கள். சில்வியோ கெஸெல் (1862–1930) என்ற பொருளாதாரச் சிந்தனையாளர், பணத்தைப் பூட்டி வைத்தால் அதன் மதிப்புத் தேய வேண்டும், அப்போதுதான் அது ஓடும் என்றார். அவர் வழி வந்தவர்கள் பிராக்டியேட்டைச் சுட்டிக் காட்டினார்கள்: பார்த்தீர்களா, காசு தேய்ந்த காலத்தில்தான் ஊர்கள் செழித்தன, பேராலயங்கள் எழுந்தன! இணையத்தில் இந்த வாதம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது ஒட்டவில்லை. அந்த நூற்றாண்டுகளின் செழிப்புக்குக் காடு திருத்தியது, மக்கள் பெருகியது, புதிய வெள்ளி கிடைத்தது என்று கண்ணுக்குத் தெரிந்த காரணங்களே போதும். கோதிக் பேராலயங்களின் தாயகமான வடக்கு பிரான்சில் பிராக்டியேட்டே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த முறையில் நேரடியாக வாழ்ந்த நகரத்தார் இதிலிருந்து தப்பிக்கப் பெருந்தொகை கொடுத்தார்கள். நல்லதை விலை கொடுத்து யாராவது தொலைப்பார்களா?

தப்பிய வழிக்குப் பெயர் நிலைத்த ஃபெனிக், ஜெர்மனில் ‘என்றென்றைக்குமான காசு’. நகரம் ஆண்டவருக்கு ஒரு தொகையைக் கட்டி நாணய உரிமையை வாங்கிக்கொள்ளும். அதன்பின் காசு புதுப்பிக்கப்படாது. பெர்லினும் அதன் இரட்டை நகரான கோல்னும் 1369-இல் எல்லைக் கோமகன் ஐந்தாம் ஓட்டோவிடமிருந்து இப்படி வாங்கின. கொடுத்தது 6,500 மார்க் வெள்ளி. இந்த ஓட்டோவின் அடைமொழி சோம்பேறி.

எல்லா இடத்திலும் காசு ஆறு மாதத்தில் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரைன் நதிக்கரையில் கொலோன் நகரத்துப் பேராயர்கள் சுமார் 1.4 கிராம் எடையில் தடித்த இருபக்கக் காசை அடித்தார்கள். எடையிலும் மாற்றிலும் கை வைக்கவில்லை. அதனால் அதை எல்லோரும் வாங்கினார்கள், வெஸ்ட்ஃபாலியாவில் பார்த்து அடித்தார்கள், ‘புனித கொலோன்’ என்ற எழுத்தைக்கூட எழுத்துத் தெரியாமல் நகலெடுத்தார்கள். தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரண்டு பொருள். கொலோன் காசில் இரண்டும் இருந்தன. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது. ஒரே பேராயர், ஒரே கோபுரம், தலைமுறை தலைமுறையாக. கண்ணைப் பறிக்கிற காசெல்லாம் குடியானவனின் மடியைப் பறித்த காசு.

பிராக்டியேட்டின் காலத்தை முடித்து வைத்தவற்றில் ஒன்று, அதைவிட அசிங்கமான ஒரு காசு. ஷ்வேபிஷ் ஹால் என்ற உப்பு ஊரில் பேரரசரின் அக்கசாலை அடித்த ஹெல்லர், 1189-ஆம் ஆண்டு ஆவணத்தில் முதலில் தலைகாட்டுகிறது. ஒரு பக்கம் விரித்த கை, மறுபக்கம் சிலுவை. தகட்டைச் சுத்தியால் நான்கு பக்கமும் தட்டிச் சதுரமாக்கிப் பிறகு அச்சடித்ததால் படம் பாதி மழுங்கியிருக்கும். வெள்ளியும் குறைவு. யாரும் பதுக்க விரும்பாத காசு, எல்லோரும் அடுத்தவன் தலையில் கட்ட விரும்பிய காசு. ஆகவே ஊரெல்லாம் பரவியது. ஜெர்மன் பேச்சில் கடன் தீர்ப்பதற்கு ‘ஹெல்லர், ஃபெனிக் வரை’ என்பார்கள், நாம் சல்லிக்காசு பாக்கியில்லாமல் என்பதுபோல. செக் நாட்டுப் பணத்தின் நூற்றில் ஒரு பங்குக்கு இன்றும் ஹலேர் என்றே பெயர்.

மறுபக்கம் மேலிருந்தும் நெருக்கடி. 1300-இல் பொஹீமிய அரசர் இரண்டாம் வென்ஸெஸ்லாஸ், குட்னா ஹோரா வெள்ளியைக் கொண்டு, இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்து, பிராக் குரோஷென் என்ற பெரிய வெள்ளிக் காசை அடித்தார். 1338-ஐ ஒட்டி மைசன் ஆட்சியாளர்கள் ஃபிரைபெர்கில் தங்கள் குரோஷெனைத் தொடங்கினார்கள். 1340-இல் லூபெக் நகரம் தங்கக் காசு அடிக்கும் உரிமை பெற்றது. 1386-இல் கொலோன், மைன்ஸ், டிரியர் பேராயர்களும் பலாடினேட் கோமகனும் சேர்ந்து ஒரே தரத்தில் குல்டன் என்ற தங்கக் காசு அடிக்க உடன்பட்டார்கள். ஆறு மாதக் காசு தாங்கக்கூடிய அளவைத் தாண்டி வணிகம் வளர்ந்துவிட்டது.

சேகரிப்பவரின் தலைவலிகளுக்கு வருவோம். முதல் தலைவலி, காசு பேசாது. ஆண்டு கிடையாது. பலவற்றில் பெயரும் கிடையாது. எழுத்துப் போலத் தெரிவது உற்றுப் பார்த்தால் வெறும் கோடும் வட்டமுமாக இருக்கும். பெயருக்கு இடத்தை நிரப்பிய போலி எழுத்து. அமர்ந்த ஆயர் எந்த ஊர் ஆயர்? நிற்கும் வீரன் எந்தக் கோமகன்? இதற்குப் பதில் தருவது புதையல்கள். ஒரே பானையில் கிடைத்த காசுகளில் பெயருள்ள சிலவற்றை வைத்துப் பெயரில்லாதவற்றின் காலத்தையும் வட்டாரத்தையும் கணிக்கிறார்கள். பானையிலுள்ள கடைசிக் காசு எந்த ஆட்சிக்கு உரியதோ, அதையொட்டித்தான் புதைத்திருக்க வேண்டும். 1860-இல் ஃப்ரெக்லேபனில் கிடைத்ததும், 1900-இல் கோத்தாவில் கிடைத்ததும் இப்படி ஒரு துறையையே நிமிர்த்திய புதையல்கள். ஒவ்வொரு பானைக்குப் பின்னாலும், மாற்றும் நாளுக்கு முன் திரும்பி வர முடியாத ஒருவர் இருக்கிறார். மற்றவர்களின் காசெல்லாம் அக்கசாலை உலைக்குப் போய் அடுத்த தவணைக் காசாக மறுபிறவி எடுத்துவிட்டது.

திரும்பி வராதவர்களில் ஒருவரின் பெயரை ஊகிக்க முடிகிறது. 1998-இல் ஏர்ஃபுர்ட் நகரின் பழைய யூதர் குடியிருப்பில் தோண்டியபோது, நிலவறைச் சுவருக்கடியில் 28 கிலோ எடைப் புதையல் கிடைத்தது: 3,141 வெள்ளிக் காசுகள், 14 வெள்ளிக் கட்டிகள், எழுநூற்றுக்கும் மேற்பட்ட நகைகள், அவற்றில் ஒரு யூதத் திருமண மோதிரம். 1349 மார்ச்சில் அந்த ஊரின் யூதர்கள் கொல்லப்பட்ட படுகொலையின்போது புதைத்தது. வீட்டுக்கு உரியவராக இருந்த கால்மன் என்ற வணிகருடையது என்று கருதுகிறார்கள். காசுகள் எல்லாம் டூர்னோஸ் என்ற பிரெஞ்சு வெள்ளிக் காசுகள், மீதி வெள்ளி கட்டி வடிவில். உள்ளூர் மெல்லிய காசைச் சேமிப்பாக வைத்துக்கொள்ள அந்த வணிகர் விரும்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏர்ஃபுர்ட் பழைய தொழுகைக் கூடத்தில் அந்தப் புதையல் காட்சிக்கு இருக்கிறது.

இரண்டாவது தலைவலி போலி. ஒரே பக்கம், ஒரே அச்சு என்பதால் போலி செய்வதும் எளிது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹனோவர் நூலகத்தின் செதுக்குக் கலைஞராக இருந்த நிகோலாஸ் ஸீலேண்டர், பழங்காசுகளைப் பற்றி எழுதியும் வந்தார், இரவல் வாங்காமல் தாமே சில பழங்காசுகளைப் படைத்தும் வந்தார். இன்று ஸீலேண்டர் போலிகளைச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் ஓஃபன்பாக்கின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்கம் முதல் இடைக்காலம் வரை எதையும் விடவில்லை. புதுக் காசின் பளபளப்பைப் போக்க, இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் நிரம்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு வண்டி அச்சில் கட்டி ஊர் சுற்றுவாராம். ‘என் கிழவர்களைக் கொஞ்சம் உலா அழைத்துப் போனேன்’ என்பது அவர் பாணியாம். அவர் வெட்டிய அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில், அவர் நகலெடுத்த அசல்களின் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கின்றன.

மூன்றாவது, கையாளும் முறை. பிராக்டியேட்டை வளைந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் போனால் அதோடு முடிந்தது. எண்ணூறு ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும். கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அழுத்துவதும் கூடாது, படத்தின் புடைப்பு நசுங்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, ஆழமுள்ள வட்டக் குழியில் வைப்பதே வழக்கம். விரிசலும் சிறு கிழிசலும் இருப்பது இயல்பு. ஒட்டிச் சரிசெய்த காசைக் கண்டுபிடிக்கப் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நாணயத்தின் பின்பக்கம் அசலும் போலியும் பேசுகிற பக்கம் என்பது இதில் நேர்ப்பொருளிலேயே உண்மை. தகடு மெத்தென்ற அடிமானத்தில் இறங்கிய விதம் அங்கேதான் தெரியும்.

நான்காவது, சட்டம். ஜெர்மனியில் மண்ணில் கிடைக்கும் புதையல் பெரும்பாலான மாநிலங்களில் அரசுக்கே உரியது. நீண்ட காலம் விலகி நின்ற பவேரியாவும் 2023-இல் அந்த விதியைக் கொண்டுவந்தது. 2016-இல் வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை நாணயச் சேகரிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எண்ணிக்கையில் மிகுந்த, தொல்லியலுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லாத காசுகளுக்கு அதில் விலக்கு கிடைத்தது. இருந்தாலும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பது இன்று ஏலக் கூடங்களில் சகஜம். நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சேகரிப்பாளர் மைக்கூட்டுப் பேனாவால் எழுதிய சிறு வட்டச் சீட்டு காசோடு இருந்தால், விலையே வேறு.

தொடங்குகிறவர் பிராக்டியேட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். யாக்ஸாவும் ஸ்தேவானும் பெரிய ஏலங்களுக்கு உரியவர்கள். அவர்களைப் பெர்லின் நாணயக் கூடத்தின் இணையப் பட்டியலில் காசு செலவில்லாமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓட்டோ–ஆடெல்ஹைட் காசு இன்னும் எட்டும் விலையில் கிடைக்கிறது. பிராக் குரோஷெனில், ஜெர்மன் நகரங்கள் ‘இது எங்கள் ஊரிலும் செல்லும்’ என்று பதினைந்தாம் நூற்றாண்டில் தங்கள் சின்னத்தைக் குத்தியவை தனி வகை. அதை மட்டுமே ஆயுள் முழுக்கச் சேர்க்கிறவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் மலிவு அந்த அசிங்கமான ஹெல்லர். அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால், மழுங்கிய வெள்ளிக்குள்ளிருந்து ஐந்து விரல் மெல்ல எழுந்து வரும்.